காசநோய்: மருந்தா, சாப்பாடா?



நம் மலரில் வழக்கமாக என்ஜின், மோட்டார் பற்றித்தான் கட்டுரை வரும். நான் காசநோயைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் பெரியப்பாவுக்கு இந்த நோய் வந்தபோது வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்தார்கள். "மாத்திரை சூடு, நல்லா சாப்பிட்டாலே சரியாப் போயிடும்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. அவரும் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; எனக்கும் அப்போது விவரம் தெரியாது. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நோய் வரும் விதம்

காசநோய் பரம்பரை நோய் அல்ல, சாபமும் அல்ல. ஒரு கிருமிதான் காரணம் என்று 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தார். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. அதை மூச்சில் இழுப்பவருக்குத் தொற்றுகிறது. தட்டு, டம்ளர் மூலம் பரவுவதில்லை.

நுரையீரலில் உள்ள காவல் செல்கள் கிருமியை விழுங்குகின்றன. ஆனால் இந்தக் கிருமி அந்தச் செல்லுக்குள்ளேயே பிழைத்துக்கொள்ளும். உடனே உடம்பு அதைச் சுற்றி மேலும் செல்களைக் குவித்து, முடிச்சுப் போட்டது போல அடைத்து வைக்கிறது. அதனால் கிருமி தொற்றிய நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது.

அந்தக் காவலைப் பலவீனமாக்குபவை எவை? சத்துக்குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகை, மது. நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சிலிக்கா தூசி. பவுண்டரியிலும் கல் உடைக்கும் இடத்திலும் வருஷக்கணக்கில் இந்தத் தூசியைச் சுவாசிப்பவருக்குக் காவல் செல்களே பழுதாகின்றன.

மெட்ராஸ் காட்டிய வழி

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. ஆனால் படுக்கைகளோ குறைவு, நோயாளிகளோ ஏராளம். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து மெட்ராஸில் ஒரு ஆய்வு மையம் தொடங்கின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம். இன்னொரு பிரிவுக்கு அவரவர் வீடு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வும் குறைவு. ஆனாலும் 1959-இல் முடிவு வந்தபோது இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தன! வீட்டில் இருந்தவர்களுக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. குணமாக்கியது மருந்துதான். அந்த மையம்தான் இன்று சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்படியென்றால் சாப்பாடு முக்கியம் இல்லையா? அதற்கும் பதில் உண்டு. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதில் நோயாளிகள் எல்லாருக்கும் மருந்தும் உணவுப் பொருளும் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

ஆக, நல்ல சாப்பாடு நோய் வராமல் காக்கும், நோயாளிக்கும் தெம்பு தரும். ஆனால் மருந்துக்குப் பதிலாகாது. ஒரு கம்பியின் பலத்தைக் கண்ணால் பார்த்தா சொல்கிறோம்? மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்கிறோம். மருத்துவத்திலும் அப்படித்தான்.

ஏன் நிறுத்தக்கூடாது?

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகின்றன, இருமல் நிற்கிறது. மந்தமாகக் கிடக்கும் கிருமிகள் மிச்சம் இருக்கும். மீதி மாதங்கள் அவற்றுக்காகத்தான். நடுவில் நிறுத்தினால் அவை தலைதூக்கும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம்.

எங்கள் பெரியப்பா இரண்டாம் முறை சிகிச்சையை முழுவதும் முடித்தார். தினமும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தது நான்தான். இப்போது ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாத்திரையைப் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் படித்தவன் வேலை. அந்த வேலையை நாம் செய்வோம்!