டிடெக்டர் சொன்னா தீர்ப்பா? வகுப்பறைக்கு ஒரு கணக்குப் பாடம்



இந்த வார எபிசோடில் பள்ளி, பல்கலைக்கழகங்களில் ஏஐ படுத்தும் பாட்டைப் பற்றிப் பேசினோம். எண்களைக் காதால் கேட்டா மனசுல நிக்காது. அதனால அந்தக் கணக்கை மட்டும் இந்த மடலில் நிதானமா எழுதுறேன். ஒரு பேப்பர், பேனா பக்கத்துல வெச்சுக்கோங்க. எட்டாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

இந்தப் பாடத்துக்குக் காரணம் நம்ம நேயர் ஒரு தங்கச்சி அனுப்பின குரல் செய்தி. நர்சிங் முதலாம் ஆண்டு. அவள் எழுதிக் கொடுத்த கட்டுரையை ஒரு மென்பொருள் "பெரும்பகுதி ஏஐ எழுதியது" என்று குறித்துவிட்டது. விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. அவள் கேட்டது இதுதான்: "நான்தான் எழுதினேன் அண்ணா. ஆனா நான்தான் எழுதினேன்னு எப்படிக் காட்டுறது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லணும்னா முதல்ல அந்த மென்பொருள் என்ன பார்க்குதுன்னு தெரியணும்.

1. டிடெக்டர் எதைப் பார்க்கிறது?

சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாடல் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். இதுவரை வந்த சொற்களைப் பார்த்து அடுத்து எந்தச் சொல் வரும்னு ஊகிப்பது. "மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை எடுத்துட்டு..." என்று நான் நிறுத்தினா, நீங்க "போ" என்று முடிப்பீங்க. அது எளிதில் ஊகிக்கக்கூடிய சொல். அதே இடத்தில் "பூனைக்குக் கொடு" என்று எழுதினா மாடல் திகைத்துப்போகும். இந்தத் திகைப்புக்கு ஒரு எண் உண்டு. அதன் பெயர் பெர்ப்ளெக்ஸிட்டி. ஊகிக்க எளிதான எழுத்துக்கு அந்த எண் குறைவு, எதிர்பாராத எழுத்துக்கு அதிகம்.

ஏஐ எழுதுவது பொதுவாக ஊகிக்க எளிதானது. அப்படியானால் பெர்ப்ளெக்ஸிட்டி குறைவாக இருந்தால் அது ஏஐ எழுதியதாக இருக்கலாம் என்பது முதல் தலைமுறை டிடெக்டர்களின் தர்க்கம். 2023 ஜனவரியில் பிரின்ஸ்டன் மாணவர் எட்வர்ட் டியான் வெளியிட்ட ஜிபிடிசீரோ இந்த எண்ணையும், வாக்கியத்துக்கு வாக்கியம் அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் பார்த்தது. பிறகு வந்த டிடெக்டர்கள் பல இதையே பெரிய அளவில், பயிற்சி கொடுத்த மாடல்களை வைத்துச் செய்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. நம்ம வீட்டு ஸ்மோக் அலாரம் எல்லாருக்கும் தெரியும். அம்மா காய்ந்த மிளகாய் வறுத்தா அலறும். அலாரம் பழுதில்லை. அது பார்ப்பது புகையை, தீயை அல்ல. அதே மாதிரி டிடெக்டர் பார்ப்பது "ஊகிக்க எளிதான எழுத்தை". ஏஐயை அல்ல. இரண்டும் பல நேரம் சேர்ந்து வரும், எப்போதும் வராது.

2. யார் வீட்டில் அலாரம் அதிகம் அடிக்கும்?

மிளகாய் வறுக்கிற வீட்டில். அதாவது, எளிய சொற்களில், பாடப்புத்தக இலக்கணத்தில், பாதுகாப்பாக எழுதுகிறவர்களுக்கு.

2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு டிடெக்டர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகள் ஒரு பக்கம். அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகள் இன்னொரு பக்கம். எல்லாமே மனிதர்கள் எழுதியவை. அமெரிக்கப் பிள்ளைகளின் கட்டுரைகளை டிடெக்டர்கள் ஏறக்குறைய சரியாகவே கணித்தன. டோஃபல் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொல்லின. 91-ல் 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு டிடெக்டராவது சந்தேகப்பட்டது.

இதைவிட வேடிக்கை அடுத்த சோதனை. அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து "சொல்வளத்தைக் கூட்டு" என்றார்கள். தவறான குற்றச்சாட்டு சட்டென்று குறைந்துவிட்டது. அதாவது, சொந்தமாக எழுதினால் மாட்டுகிறீர்கள், ஏஐயிடம் கொடுத்து மெருகேற்றினால் தப்பிக்கிறீர்கள்!

நீங்க இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க, உங்களுக்கு ஆங்கிலம்தான் முதல் மொழி, இது உங்களைத் தொடாதுன்னு நினைக்கலாம். உங்க வகுப்புல பன்னிரண்டு வயசுல வந்து சேர்ந்த கசினை நினைச்சுப் பாருங்க. மாஸ்டர்ஸ் படிக்க மாணவர் விசாவில் வந்த அண்ணனை நினைச்சுப் பாருங்க. அவருக்கு ஒழுங்கு விசாரணை என்பது மதிப்பெண் பிரச்சினை மட்டும் இல்ல. படிப்பு நின்றால் விசாவும் ஆடும்.

3. இப்போ கணக்கு

டிடெக்டர் விற்பவர்கள் "எங்கள் தவறு 1 சதவீதத்துக்கும் குறைவு" என்பார்கள். கேட்க நல்லா இருக்கு. ஆனா நமக்கு வேண்டிய கேள்வி வேற: கொடி காட்டப்பட்டவர்களில் எத்தனை பேர் நிரபராதி?

நான் எடுத்துக்காட்டுக்காக எண்களை வைக்கிறேன். 1,000 கட்டுரைகள். அதில் 100 பேர் ஏஐ பயன்படுத்தினார்கள், 900 பேர் தானே எழுதினார்கள். டிடெக்டர் ஏஐ கட்டுரைகளில் 80% பிடிக்கும். நேர்மையான கட்டுரைகளில் 2 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும்.

பிடிபட்ட ஏஐ கட்டுரைகள்: 80.
தவறாகப் பிடிபட்டவை: 900-ல் 2%, அதாவது 18.
மொத்தம் கொடி: 98. அதில் 18 பேர் நிரபராதி. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

"2% தவறு" என்று ஆரம்பித்தது, விசாரணை அறையில் 18% ஆகிவிட்டது.

இப்போ அதே டிடெக்டர், ஆனா நேர்மையான வகுப்பு. 1,000-ல் 20 பேர் மட்டும் ஏஐ பயன்படுத்தினார்கள். பிடிபடுவது 16. மீதி 980-ல் 2% என்றால் சுமார் 20 பேர் தவறாக மாட்டுவார்கள். கொடி காட்டப்பட்ட 36 பேரில் 20 பேர் ஒன்றும் செய்யாதவர்கள். பாதிக்கும் மேல்!

டிடெக்டர் மாறவில்லை, வகுப்பு மாறியது. வகுப்பு எவ்வளவு நேர்மையோ, கொடியின் மதிப்பு அவ்வளவு குறையும். இதுக்குப் புள்ளியியலில் அடிப்படை விகிதம்னு பேர். மருத்துவப் பரிசோதனை, விமான நிலையச் சோதனை, மின்னஞ்சல் ஸ்பாம் வடிகட்டி எல்லாத்துக்கும் இதே கணக்குதான். ஒரு தடவை கத்துக்கிட்டா வாழ்நாள் முழுக்க உதவும்.

இன்னொரு கணக்கு. ஒரு பட்டப்படிப்பில் 40 அசைன்மென்ட் என்று வைப்போம். ஒவ்வொன்றிலும் தவறாக மாட்டும் வாய்ப்பு 1%. 40-லும் மாட்டாமல் தப்பிக்கும் வாய்ப்பு 0.99-ஐ 40 தடவை பெருக்கினால் வரும்: சுமார் 0.67. அப்படின்னா மூன்று நேர்மையான மாணவரில் ஒருவர் எப்போதாவது ஒரு தடவை மாட்டுவார். உண்மையில் இந்தச் சுமை சமமாகப் பிரிவதில்லை. எழுதும் பாணி ஆளுக்கு ஆள் நிலையானது. மிளகாய் வறுக்கிற வீட்டில்தான் அலாரம் திரும்பத் திரும்ப அடிக்கும். ஒருவர் நான்கு தடவை மாட்டுவார், பக்கத்தில் இருப்பவர் ஒரு தடவையும் மாட்டமாட்டார். "இரண்டாவது தடவையும் வந்திருக்கே, அப்போ உண்மையாத்தான் இருக்கும்" என்ற வாதம் அதனாலதான் செல்லாது.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்ல. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2022-ல் தங்களிடம் டர்னிட்டின் வழியாக வந்த 75,000 கட்டுரைகளை வைத்து இதே பெருக்கலைப் போட்டது. 1% தவறு என்றாலும் சுமார் 750 பேர். 2023 ஆகஸ்டில் அந்த ஏஐ டிடெக்டரை அணைத்துவிட்டது. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டர் வெளியிட்டது. ஏஐ எழுத்தில் 26% மட்டும் பிடித்தது, மனித எழுத்தில் 9% தவறாகப் பிடித்தது. துல்லியம் போதவில்லை என்று அதே ஜூலையில் எடுத்துவிட்டார்கள். சாட்ஜிபிடி செய்தவர்களாலேயே முடியவில்லை என்பதை நினைவில் வெச்சுக்கோங்க.

2023-க்குப் பிறகு டிடெக்டர்கள் மாறியிருக்கின்றன, எண்களும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

4. ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கு

ஆசிரியர்களை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனா அவங்க நிலைமையைப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, 120 கட்டுரைகள், திங்கள் காலை வகுப்பு. ஏமாற்றுகிறவர்கள் இருக்காங்க என்பது பொய்யில்ல. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 33 கற்பனை மாணவர்கள் பெயரில், உளவியல் பாடத்துக்கு, முழுக்க ஏஐ எழுதிய விடைகளைச் சமர்ப்பித்தார்கள். திருத்தியவர்களுக்கு விஷயம் தெரியாது. 2024-ல் வெளியான முடிவு: 94% விடைகள் சந்தேகத்துக்கே வரவில்லை. சராசரியில் உண்மையான மாணவர்களைவிட மதிப்பெண்ணும் கூட.

ஆக, மென்பொருளும் தவறுது, மனிதக் கண்ணும் தவறுது. அப்போ என்ன வழி? முடிந்த கட்டுரையைப் பார்த்துத் துப்பறிவதை விட்டுவிட்டு, எழுதும் வழியைப் பார்ப்பது. இங்கே சிட்னி பல்கலைக்கழகம் "இரண்டு தடம்" என்று ஒரு முறை வகுத்திருக்கிறது. ஒரு தடத்தில் மேற்பார்வையோடு தேர்வு, நேருக்கு நேர் கேள்வி. அங்கே உனக்கு என்ன தெரியும்னு பார்ப்பார்கள். இன்னொரு தடத்தில் ஏஐ உட்பட எதையும் பயன்படுத்தலாம், பயன்படுத்தியதைச் சொல்லணும். ஒளிந்து பிடிக்கும் விளையாட்டே இல்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி டீச்சரை யோசிச்சுப் பாருங்க. வீட்டுப்பாடத்தில் ஒரு பையன் திடீர்னு கம்பீரமான செந்தமிழில் எழுதிட்டு வந்தா, டீச்சருக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். "கண்ணா, இந்த வரிக்கு என்ன அர்த்தம், நீ சொல்லு" என்று கேட்பார். பதினைந்து பிள்ளைகள், எல்லார் எழுத்தும் அவருக்கு அத்துப்படி. முன்னூறு பேர் உட்காரும் வகுப்பில் அந்தக் கேள்வி கேட்க நேரமில்லை. டிடெக்டர் நிரப்பப் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை மென்பொருள் உரிமமாக வாங்கிக் கொடுக்கிறோம்.

5. நீங்க செய்ய வேண்டியது

நம்ம தங்கச்சிக்கு நான் சொன்னதும் இதுதான்.

எழுதும் முன்: கூகுள் டாக்ஸிலோ, ஆட்டோசேவ் போட்டு ஒன்டிரைவில் வைத்த வேர்டு கோப்பிலோ எழுதுங்க. வேற இடத்தில் எழுதி ஒட்டாதீங்க. வெர்ஷன் ஹிஸ்டரியில் நீங்க அடித்துத் திருத்தியது எல்லாம் நேரத்தோடு பதிவாகும். கோட் எழுதுறவங்களுக்கு கிட் எப்படியோ, கட்டுரைக்கு இது அப்படி. கையால் எழுதின குறிப்பு, படித்த கட்டுரைகளின் பிடிஎஃப், எதையும் மதிப்பெண் வரும் வரை அழிக்காதீங்க.

விதியைப் படிங்க: உங்க பாடத்துக்கு ஏஐ எவ்வளவு அனுமதி என்று எழுத்தில் பாருங்க. மொழியைத் திருத்தும் கிராமர்லி மாதிரியான கருவிகளும் அந்த விதிக்குள் வரலாம். பயன்படுத்தியிருந்தா மறைக்காம சொல்லுங்க.

கடிதம் வந்தால்: பதற்றத்தில் உடனே பதில் போடாதீங்க. குறிக்கப்பட்ட அறிக்கையின் நகலைக் கேளுங்க. எந்த மென்பொருள், எத்தனை சதவீதம், எந்தப் பத்திகள்? 20 சதவீதத்துக்குக் கீழே வரும் முடிவுகளில் பொய் அலாரம் அதிகம் என்று டர்னிட்டினே சொல்லியிருக்கிறது. "இந்த எண்ணைத் தவிர வேறு ஆதாரம் இருக்கிறதா?" என்று மரியாதையாக, எழுத்தில் கேளுங்க. மாணவர் சங்கத்தில் இதற்கு உதவ ஆள் இருப்பாங்க, துணைக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க கட்டுரையைப் பற்றி வாய்மொழியாகப் பதில் சொல்லத் தயார் என்று நீங்களே முன்வாங்க. எழுதினவருக்கு அது பத்து நிமிஷ வேலை.

வீட்டுல சொல்லுங்க. அப்பா அம்மா திட்டுவாங்கன்னு தனியா சுமக்காதீங்க. அவங்களுக்கு மேலே உள்ள ஸ்மோக் அலாரம் கதையைச் சொன்னா ஒரு நிமிஷத்தில் புரிஞ்சுடும்.

வீட்டுப்பாடம்

500 கட்டுரைகள். 50-ல் ஏஐ. டிடெக்டர் 90% பிடிக்கும், நேர்மையானவற்றில் 4% தவறாகப் பிடிக்கும். கொடி காட்டப்பட்டவர்களில் எத்தனை பேர் நிரபராதி? போட்டுப் பார்த்துட்டு அடுத்த வரிக்கு வாங்க.

விடை: 45 பேர் சரியாக, 18 பேர் தவறாக. மொத்தம் 63-ல் 18. ஏழில் இரண்டு பேர்.

உங்க பள்ளி அல்லது பல்கலைக்கழகத்தில் எந்த டிடெக்டர், விதி என்ன என்று தேடிப் பார்த்து இந்த மடலுக்குப் பதில் போடுங்க. வந்ததைத் தொகுத்து அடுத்த எபிசோடில் பேசுவோம்.