காவலூரின் பெரிய ஆடி

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலை மீது 2,668 அடி உயரத்தில் ஏற்றப்படும் சுடரை நீங்கள் கண்டிருக்கலாம். ஊருக்குள் நிற்பவருக்கு அது பெருஞ்சுடர். தொலைவில் நிற்பவருக்கு வெறும் ஒளிப்பொட்டு. தொலைவு 2 மடங்கானால் கண்ணை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். 3 மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். விண்மீன்களோ கோடானுகோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவை. இருளில் சுமார் 7 மில்லிமீட்டர் மட்டுமே விரியும் நம் கண்பாவை அவற்றின் ஒளியைத் திரட்டப் போதாது. பெரிய குழியாடி வேண்டும்.

அத்தகைய ஆடி ஒன்று திருவண்ணாமலைக்கு வடமேற்கே, ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் இருக்கிறது. அதன் விட்டம் 2.34 மீட்டர். திரட்டப்படும் ஒளி விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே இந்த ஆடி கண்பாவையைவிட ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு ஒளியைத் திரட்டும்.

விதையும் விளைச்சலும்

தென்னாட்டு வானாய்வு 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வேரூன்றி, 1899-இல் கொடைக்கானலுக்குச் சென்றது. 1960-இல் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்ற வைணு பாப்பு, இருண்ட வானமுள்ள காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் கொடைக்கானலிலேயே உருவான 38 செ.மீ. தொலைநோக்கி அங்கே இயங்கத் தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியிலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிய அது துணைநின்றது.

அடுத்த தொலைநோக்கியையும் விலைக்கு வாங்கியிருக்கலாம். ஆனால், வாங்கியவருக்குக் கருவி மட்டுமே கிடைக்கும். செய்தவருக்குக் கலையும் கிடைக்கும் அல்லவா? கண்ணாடிப் பாளம் மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார். தாங்கும் இரும்புக் கட்டமைப்பு மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகரில் உருவாயிற்று.

ஆடியைத் தேய்ப்பது எளிதன்று. பச்சை ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆடியின் பரப்பில் உள்ள மேடு பள்ளம் இதிலும் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஏனெனில், ஒளி போய்த் திரும்புவதால் பிழை இரட்டிக்கும். எனவே தேய்ப்பார்கள், ஒளியாலேயே சோதிப்பார்கள், மீண்டும் தேய்ப்பார்கள்.

பாப்பு 1982-இல் காலமானார், பணி நிற்கவில்லை. அவர் பயிற்றுவித்த குழு அதை முடித்தது. 1986 ஜனவரி 6 அன்று தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஒருவர் மறைந்தாலும் தொடரும் பணியே ஓர் ஆய்வுச் சமூகம் வளர்ந்துவிட்டதற்கு அடையாளம்.

இப்போது அதற்கு வேண்டியது இருள். வானை நோக்கி வீணாகும் விளக்கொளி மங்கலான விண்மீன்களை மறைத்துவிடும். தெருவிளக்குக்குத் தரையை நோக்கிய மூடி போட்டால் நமக்கும் வெளிச்சம், வானுக்கும் இருள்!

கணக்கிடுங்கள்: 38 செ.மீ. தொலைநோக்கியைவிட 1 மீட்டர் தொலைநோக்கி எத்தனை மடங்கு ஒளியைத் திரட்டும்? (விடை: சுமார் 7 மடங்கு)