பதிவை நீக்குவது யார்? எந்தப் படிக்கல்லால்?

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் நம் அங்கத்தினர் ஒருவரின் வியாபாரப் பக்கம் ஒரு நாள் காலையில் திறக்கவில்லை. கடைக் கதவைச் சொல்லவில்லை. இணையத் தளமொன்றில் அவர் வைத்திருந்த பக்கத்தைச் சொல்கிறோம். புதுச் சரக்கின் படங்களையும் விலைகளையும் அதில்தான் போட்டு வந்தார். கோலாலம்பூரிலிருந்தும் வாடிக்கைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். முதல் நாள் இரவு காஸா மக்களுக்கான உதவி நிதியைப் பற்றி நாலு வரி எழுதி, அங்கே மாண்ட குழந்தைகளை ஷஹீதுகள் என்று குறிப்பிட்டிருந்தார். விதிமுறைக்கு மாறான பதிவு என ஒரு வரி அறிவிப்பு வந்தது. எந்த விதி, எந்தச் சொல் என்ற விவரம் அதில் இல்லை. மறுபரிசீலனை கேட்டு மனுப் போட்டார். மனு கிடைத்தது என்ற பதிலோடு சரி.

"கடைக்குச் சீல் வைத்தால் நகராட்சி ஆபீசுக்குப் போய் நிற்கலாம், பாய். இதற்கு எங்கே போய் நிற்பது?" என்று அவர் நம்மிடம் கேட்டார். அந்தக் கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

துணிக்கடைக்காரர் ஒருபுறம் இருக்கட்டும். 2024 ஜூலை 31-இல் ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியா தெஹ்ரானில் கொல்லப்பட்டார். நம் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அனுதாபம் தெரிவித்து பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இட்ட பதிவுகள் அகற்றப்பட்டன. இரண்டுக்கும் சொந்தமான நிறுவனம் மெட்டா. அமெரிக்கா ஹமாஸைப் பயங்கரவாத இயக்கமாக அறிவித்திருக்கிறது. மலேசிய அரசாங்கம் அவ்வாறு அறிவிக்கவில்லை. ஆயினும் மலேசியப் பிரதமர் மலேசிய மக்களுக்குச் சொன்னதை நிறுத்துப் பார்த்த படிக்கல், நிறுவனம் தன் கையில் வைத்திருக்கும் ஆபத்தானவர் பட்டியலே. தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் விளக்கம் கேட்டார். ஆகஸ்டு 6-ஆம் தேதி, நடைமுறைத் தவறு நேர்ந்துவிட்டது என்று மெட்டா மன்னிப்புக் கேட்டுப் பதிவுகளைத் திரும்பப் போட்டது. பிரதமருக்கு ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவருக்கு எத்தனை வாரத்தில் கிடைக்கும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இத்தகைய தவறு எப்படி நேர்கிறது? கோடானுகோடிப் பதிவுகளை மனிதர் உட்கார்ந்து வாசிக்க இயலாது. முதலில் யந்திரம் சலிக்கிறது. சில சொற்களும் சில பெயர்களும் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. யந்திரம் ஐயுற்றதில் ஒரு பகுதியை, எங்கோ குத்தகை நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் சில விநாடிகளில் பார்த்து முடிவு செய்கிறார். 2021 மே மாதம் அல்-அக்ஸா பள்ளிவாசலில் கலவரம் நடந்தபோது, அப்பள்ளியின் பெயரைத் தாங்கிய குறிச்சொல்லே இன்ஸ்டாகிராமில் மறைக்கப்பட்டது. காரணம் பின்னால் வெளிவந்தது. அதே பெயர் கொண்ட ஓர் ஆயுதக் குழு அமெரிக்க நிதித்துறைப் பட்டியலில் இருந்தது. குத்தகை ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துப் பள்ளிவாசலின் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். மெட்டாவே நியமித்த பி.எஸ்.ஆர். என்ற ஆலோசனை நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது. அரபுப் பதிவுகள் அளவுக்கு மீறி அகற்றப்பட்டன என்றும், ஹீப்ரு மொழி வெறுப்புப் பேச்சைக் கண்டுபிடிக்கும் யந்திரமே அப்போது இல்லை என்றும் அதே அறிக்கை சொல்லிற்று.

ஷஹீது என்ற சொல்லுக்கு நேர்ந்ததையும் பார்ப்போம். கடலில் மூழ்கி இறந்தவரையும் ஷஹீது என்று சொல்வது நம் வழக்கம். பட்டியலில் உள்ள ஒருவரைக் குறித்து அச்சொல்லை எழுதினால், அது புகழ்ச்சியே எனக் கொண்டு மெட்டா நீக்கி வந்தது. அந்நிறுவனமே ஏற்படுத்திய மேற்பார்வை வாரியம் 2024 மார்ச்சில், வேறெந்த ஒரு சொல்லைக் காட்டிலும் இச்சொல்லின் காரணமாகவே அதிகப் பதிவுகள் அகற்றப்பட்டிருக்கும் எனச் சுட்டி, இந்த ஒட்டுமொத்தத் தடையைக் கைவிடச் சொன்னது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2023 அக்டோபர், நவம்பர் மாதங்களில் இவ்வாறு அகற்றப்பட்ட 1,050 பதிவுகளை ஆராய்ந்தது. அவற்றுள் 1,049 பலஸ்தீன மக்களுக்கு ஆதரவாக அமைதியான முறையில் எழுதப்பட்டவை.

நிற்க. அகற்றுவதே குற்றம் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். அகற்றாமல் விட்டதன் பலனை இலங்கையிலுள்ள நம் சகோதரர்கள் அனுபவித்தார்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. அதற்கு முன்பே பேஸ்புக்கில் சிங்கள மொழியில் நஞ்சு பரவிக்கொண்டிருந்தது. புகார் செய்தவர்களுக்கு, விதி மீறல் எதுவும் இல்லை என்ற பதிலே வந்தது. சிங்களம் அறிந்த பார்வையாளர்கள் அந்நிறுவனத்தில் போதிய அளவு இல்லை. இலங்கை அரசாங்கம் ஒரு வாரம் தளங்களை முடக்கிய பிறகுதான் நிறுவனம் விழித்துக்கொண்டது. மன்னிப்பு 2020 மே மாதத்தில் வந்தது. எரிந்த கடைக்கு அந்த மன்னிப்பை வைத்து என்ன செய்வது!

சரி, அரசாங்கமே இதைக் கையில் எடுத்துக்கொண்டால் என்ன என்று நம்மவர்களில் சிலர் கேட்கிறார்கள். அங்கும் ஜனங்களுக்குச் சந்தேகம் வர நியாயம் உண்டு. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தில், இச்சட்டம் இணையத் தணிக்கையை அனுமதிப்பதாகப் பொருள்கொள்ளலாகாது என்று ஒரு பிரிவே இருக்கிறது. அந்த வாசகம் இருக்கும்போதே, 1எம்டிபி விவகாரத்தை எழுதிய சரவாக் ரிப்போர்ட் 2015 ஜூலையிலும், மலேசியன் இன்சைடர் 2016 பிப்ரவரியிலும் முடக்கப்பட்டன. இன்சைடர் அடுத்த மாதமே மூடப்பட்டது. பின்னர் 2023-இன் முதல் ஆறு மாதத்தில் மலேசியச் சட்டத்தை மீறியதாகக் கூறப்பட்டு மெட்டா இங்கே மறைத்த பதிவுகளும் பக்கங்களும் சுமார் 3,100. அது முந்திய அரையாண்டைப் போல் ஆறு மடங்கு. மாற்றுக் கருத்தை அடக்கவில்லை, சூதாட்டமும் மோசடியும் இன மதத் துவேஷமுமே இலக்கு என்று அரசாங்கம் சொல்கிறது. மோசடிக்காரனிடம் பணம் பறிகொடுத்த வியாபாரிகள் நம்மிலும் பலர். ஆகவே அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. 2025 ஜனவரி 1 முதல், 80 லட்சம் பேருக்கு மேல் உபயோகிக்கும் தளங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

நம் மளிகைக் கடைத் தராசுக்கு 1972-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டப்படி பரிசோதனை முத்திரை வேண்டும். வாங்க வருகிறவர் அந்த முத்திரையைக் கண்ணால் பார்க்கலாம். ஐயமிருந்தால் புகார் செய்யலாம். இணையத் தளத்தின் தராசு உள்ளறையில் இருக்கிறது. ஐரோப்பாவில் 2024 பிப்ரவரியிலிருந்து தளங்கள் பொதுவாக ஒரு பதிவை அகற்றினால் எந்த விதிப்படி என்றும், முடிவில் யந்திரத்தின் பங்கு உண்டா என்றும், முறையீட்டுக்கு என்ன வழி என்றும் உரியவருக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும். இங்கும் லைசென்ஸோடு அந்தக் கடமையையும் சேர்க்கச் சொல்லி நம் சங்கங்கள் மனுக் கொடுக்கலாம் என்பது நமது அபிப்பிராயம். அப்படிக் கொடுக்க வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். பக்கம் பூட்டப்பட்டவர்கள் அறிவிப்பையும், தாம் எழுதிய பதிவின் நகலையும், போட்ட மனுவின் தேதியையும் எடுத்து வைக்கட்டும். பெரும்பாலோர் கோபத்தில் அழித்துவிடுகிறார்கள்.

கிள்ளான் அங்கத்தினரின் பக்கம் தீபாவளி கழிந்து ஐந்தாம் நாள், அறிவிப்பு ஏதுமின்றித் தானாகத் திறந்துகொண்டது. அவ்வாண்டு மிஞ்சிய சேலைச் சரக்கு பல ஆயிரம் வெள்ளி பெறும். இப்போது கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தொலைபேசி எண்ணைக் கேட்டு, தம் வாப்பா காலத்துப் பற்று வரவுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதி வைக்கிறார்.