பெட்டியில் வரும் பைக்: 65,000 ரூபாய் வண்டியின் உண்மையான விலை



ராத்திரி பதினோரு மணிக்கு மேல யூடியூப்ல உட்கார்ந்தா ஒரு வகை வீடியோ கண்டிப்பா கண்ணுல படும். அமெரிக்காவுல ஒருத்தர் வீட்டு வாசல்ல இரும்புக் கூண்டு ஒண்ணு வந்து இறங்கும். உள்ளே சீனாவில் செய்த புத்தம் புது பைக். முன் சக்கரத்தை மாட்டுவார், ஹேண்டில்பார் போடுவார், பேட்டரியை இணைப்பார், ஆயிலை மாத்துவார். சாயங்காலம் ஓட்டிட்டுப் போயிடுவார். ஹாக் 250 மாதிரி மலிவு வண்டிகள் அங்கே இப்படித்தான் ஆன்லைன்ல விற்குது.

பார்த்ததும் நமக்கும் கை துறுதுறுன்னு இருக்கும். அதுவும் எங்க கடையநல்லூர் பக்கம்னா கேட்கவே வேண்டாம். துபாய், சிங்கப்பூர், மலேசியான்னு தெருவுக்குப் பத்துப் பேர் வெளியில இருக்காங்க. "மச்சான், நான் ஆர்டர் போட்டு அனுப்பிடறேன், நீ வீட்லயே பூட்டிக்கோ"ன்னு சொல்ல ஒருத்தர் கண்டிப்பா கிடைப்பார்.

அதனால இன்னிக்கு ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்த்துடலாம். நீங்க சென்னையில வேலை பார்க்கறீங்க, சம்பளம் கையில் 38,000 ரூபாய். 200 சிசி பைக், விலை 65,000 ரூபாய். கப்பல் கட்டணமும் வழிக் காப்பீடும் சேர்த்து 35,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. ஒரே ஒரு வண்டியை அனுப்பும்போது சரக்குக் கட்டணம் எப்பவுமே விலைக்குப் பொருத்தமில்லாமப் பெரிசாத்தான் இருக்கும்.

1. சுங்கத்துறை கண்ணுக்கு அது பாகம் இல்லை, வண்டி

பலரும் நினைக்கிறது இதுதான்: "முழு வண்டியாக் கொண்டு வந்தாத்தானே வரி? பார்ட்ஸா வந்தா கம்மி."

சுங்க வரி அட்டவணையில பொது விளக்க விதி 2(ஏ)ன்னு ஒண்ணு இருக்கு. கழற்றிய நிலையில், பூட்டப்படாம வந்தாலும், முழுப் பொருளின் இயல்பு இருந்தா அது முழுப் பொருளாகத்தான் கணக்கு. சைக்கிள்ல இருந்து பீரோ வரைக்கும் எல்லாத்துக்கும் இதே விதிதான்.

பைக்கைப் பொறுத்தவரை எந்த அளவுக்குக் கழற்றியிருக்குன்னு பார்த்து வரி மாறும். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, 1600 சிசிக்குக் குறைவான புது வண்டிக்கு அடிப்படைச் சுங்க வரி மூணு படியா இருக்கு:

- இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்மிஷன் எல்லாம் உள்ளேயே பிரிச்ச நிலையில் வந்தா: 10%
- இன்ஜின் அல்லது கியர்பாக்ஸ் தயாரா இருந்து, சேஸியில் மாட்டாம வந்தா: 20%
- வேற எந்த வடிவத்தில் வந்தாலும்: 40%

இப்ப அந்த வீடியோவை மறுபடி யோசிச்சுப் பாருங்க. கூண்டுக்குள்ள இன்ஜின் சேஸியிலேயே மாட்டித்தான் இருக்கும். சக்கரமும் ஹேண்டில்பாரும்தான் தனியா இருக்கும். நம்ம பாஷையில அது "பார்ட்ஸா வந்த பைக்". சுங்க அட்டவணையில அது மூணாவது படி, 40%.

அடுத்து ஐ.ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18%, அதுக்கு மேலே 40%. இது விலைக்கு மட்டும் இல்லை. சுங்க வரியைச் சேர்த்த தொகைக்கு மேலே கணக்கிடுவாங்க.

கணக்கு இப்படி வரும்:

- வண்டி + கப்பல் கட்டணம் + வழிக் காப்பீடு: 1,00,000
- அடிப்படைச் சுங்க வரி 40%: 40,000
- 1,40,000-க்கு ஐ.ஜி.எஸ்.டி 18%: 25,200
- துறைமுகத்தில் மொத்தம்: 1,65,200

இதே வண்டி முதல் படியில் வந்திருந்தா 1,29,800 ரூபாய். ரெண்டாவது படியில் 1,41,600 ரூபாய். முதல் படிக்கும் மூணாவது படிக்கும் 35,400 ரூபாய் வித்தியாசம். ஆனா முதல் படியைப் பயன்படுத்தணும்னா இன்ஜினையே நீங்க உள்ளிருந்து கோர்க்கணும். அது கம்பெனிக்காக வச்ச சலுகை, மொட்டை மாடிக்காக வச்சது இல்லை.

"பார்ட்ஸ்னு எழுதிடலாம்", "கிஃப்ட்னு போட்டுடலாம்", "பில்லைக் குறைச்சுக் காட்டலாம்"னு யாராவது ஐடியா கொடுத்தா அங்கேயே நிறுத்துங்க. தவறான விவரம் கொடுத்தா சுங்கச் சட்டத்தின் 111-வது பிரிவின் கீழ் சரக்கையே பறிமுதல் செய்யலாம். அபராதம் தனி. பெட்டி உங்க பேர்லதான் வருது. ஐடியா கொடுத்தவர் பேர்ல இல்லை.

"சரி, மச்சான் அங்கே ஓட்டின பழைய வண்டியையே அனுப்பட்டும்"னா? பழைய வண்டிக்குப் பொது விதி இதுதான்: தயாரிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாத்தான் வரணும், சோதனை நிறுவனத்தின் சான்றும் வேணும். தூத்துக்குடி பக்கத்துல இருக்கேன்னு சந்தோஷப்பட முடியாது.

2. ஆர்.டி.ஓ கேட்கும் காகிதம்

வரி கட்டியாச்சு, வண்டி வீட்டுக்கு வந்தாச்சு, பூட்டியாச்சு. இப்பத்தான் நிஜமான தடை.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-வது விதி என்ன சொல்லுதுன்னா, தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ அந்த மாடலை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்திடம் கொடுத்துச் சான்று வாங்கணும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ, மானேசரில் ஐகேட், நம்ம சென்னை ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி எல்லாம் இந்த வேலைக்கான இடங்கள்தான். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்-6 புகை அளவு கட்டாயம். 125 சிசிக்கு மேலே ஏ.பி.எஸ் கட்டாயம். பெட்டியில் வரும் மலிவு வண்டிகள் பலதுல கார்புரேட்டர்தான் இருக்கும், ஏ.பி.எஸ் இருக்காது.

பதிவுக்குப் போகும்போது படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (சாலைத் தகுதி பற்றித் தயாரிப்பாளர் தரும் சான்று), சுங்கம் முடிச்ச சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் வேணும். சீனாவில் இருக்கும் ஆன்லைன் கடைக்காரர் உங்களுக்குப் படிவம் 22 தரப்போறதில்லை. அது இல்லாம டி.என்.76-ம் கிடையாது, டி.என்.79-ம் கிடையாது.

ஒருவேளை பதிவு கிடைச்சதுன்னே வச்சுக்குவோம். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது பைக்குக்கு ஆயுள் வரி 12%. 1,65,200-க்கு அது சுமார் 19,800 ரூபாய். ஆக மொத்தம் 1,85,000. கிளியரிங் ஏஜென்ட் கூலி, துறைமுக வாடகை, சென்னையிலிருந்து ஊருக்கு லாரி வாடகை எதுவும் இதில் சேரலை. 65,000 ரூபாய் வண்டி கிட்டத்தட்ட மூணு மடங்கு விலைக்கு வந்து நிக்குது.

3. "ஊருக்குள்ள மட்டும்தானே ஓட்டப்போறேன்?"

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்கணும்னா இதைப் படிங்க.

நம்பர் இல்லாத வண்டியைப் போலீஸ் பிடிச்சா வரும் அபராதம் பெரிய ஆபத்து இல்லை. பெரிய ஆபத்து மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். பதிவே ஆகாத, மாடல் சான்றே இல்லாத வண்டிக்கு முறையான பாலிசி கிடைக்காது. கடைவீதியில ஒரு பெரியவர் மேல இடிச்சு அவருக்குக் கால் போயிடுச்சுன்னா, இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போடும் தொகையை வண்டிக்காரர்தான் கட்டணும். அந்தத் தொகைக்குச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. அடிபட்டவரின் வயசு, வருமானம், மருத்துவச் செலவு இதையெல்லாம் பார்த்துத்தான் போடுவாங்க.

கட்டலைன்னா? தீர்ப்பை நிறைவேற்ற சிவில் நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கும் இருக்கு. சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவின்படி, உங்க சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. மிச்சம் இருக்கும் மூன்றில் ஒரு பங்கை ஜப்தி செய்யலாம். 38,000 சம்பளம்னா மாசம் சுமார் 12,333 ரூபாய். ஒரு தீர்ப்புக்கு 24 மாசம் வரை பிடிக்கலாம். அதுவே கிட்டத்தட்ட 2.96 லட்சம். அதோட முடியுதான்னா இல்லை. சம்பளம் போக மத்த சொத்தும் இருக்கு. வீட்டு வாடகை, தங்கச்சி படிப்பு, அம்மா மருந்து எல்லாம் அந்த 38,000-லதான் ஓடுது.

அடிபட்டவர் பக்கத்திலிருந்தும் யோசிங்க. உங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லைன்னா அவருக்குப் பணம் எப்ப வரும், எவ்வளவு வரும்னே தெரியாது. அந்தப் பெரியவர் நம்ம தெருக்காரராவே இருக்கலாம்.

4. பெட்டியில் வந்து ஜெயிச்ச பைக் ஒண்ணு இருக்கு

"அப்ப பாகமா வந்து பூட்டுறதே தப்பா?" இல்லவே இல்லை. தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற பைக்கே அப்படித்தான் தொடங்கிச்சு.

1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிச்சு. திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டினாங்க. 1956-ல் புல்லட் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர, இங்கே பூட்டினாங்க. தொழிற்சாலை, பொறியாளர்கள், தாய்க் கம்பெனியின் வரைபடம் எல்லாம் இருந்தும் அந்த வருஷம் வெளியே வந்தது மொத்தம் 163 வண்டி. அப்புறம் படிப்படியா பாகங்களையே இங்கே செய்ய ஆரம்பிச்சாங்க. 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி மூடினபோதும் சென்னையில் புல்லட் நிக்கலை.

கணக்குப் பாடம் என்னன்னா, புல்லட் பிழைச்சது பூட்டத் தெரிஞ்சதால மட்டும் இல்லை. உரிமம் இருந்தது, உதிரிபாகம் உள்ளூரில் கிடைச்சது. வீட்டுக்கு வரும் பெட்டியில் இந்த ரெண்டும் இருக்காது. ஆறு மாசத்தில் கிளட்ச் கேபிள் அறுந்தா அதுக்கு மறுபடியும் கப்பல், மறுபடியும் வரி.

5. அப்ப என்னதான் செய்யலாம்?

வழி ஒண்ணு: சான்று வாங்கின வெளிநாட்டு பிராண்ட். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆதீஸ்வர் ஆட்டோ ரைடு நிறுவனம் 2022-ல் கீவே, ஸோன்டெஸ் பைக்குகளை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. இந்த வகை வண்டிகளுக்கு ஆர்.சி, இன்சூரன்ஸ், வாரண்டி எல்லாம் முறைப்படி கிடைக்கும். புக் பண்றதுக்கு முன்னாடி டீலர்கிட்ட அஞ்சு பொருளுக்கு விலையும் காத்திருக்கும் நாளும் எழுத்தில் கேளுங்க: கிளட்ச் கேபிள், பிரேக் பேட், ஏர் ஃபில்டர், ஹெட்லைட், பிரேக் லீவர். சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியிலோ மதுரையிலோதான்னா, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பெட்ரோலோட ஒரு நாள் லீவையும் செலவாச் சேர்த்துக்கோங்க.

வழி ரெண்டு: ஆர்.சி சுத்தமான பழைய வண்டி. உங்க ஆசை ஸ்பேனர் பிடிக்கறதுதான்னா இதுதான் சரியான வழி. உதாரணத்துக்கு 60,000 ரூபாய் பட்ஜெட்டை இப்படிப் பிரிங்க:

- வண்டி விலை: 30,000
- பாகங்கள்: 12,000
- லேத், பெயின்ட், மெக்கானிக் கூலி: 5,000
- பெயர் மாற்றம், இன்சூரன்ஸ்: 5,000
- கழற்றின பிறகுதான் தெரியப்போற செலவு: 8,000

கடைசி வரியை அழிச்சுடாதீங்க. பழைய வண்டியில் அது வராம இருந்ததே இல்லை.

பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி எம்-பரிவாகன் செயலியில் உரிமையாளர் பெயர், கடன் பதிவு, நிலுவை அபராதம் பாருங்க. சேஸி நம்பரை வண்டியிலேயே தேய்ச்சுப் படிங்க. கடன் முடிஞ்சிருந்தா படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பைக் ஆர்.சி 15 வருஷம் செல்லும்; அதுக்கப்புறம் ஆய்வு முடிச்சு 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். இன்ஜினை மாத்துறது, வண்டி வடிவத்தையே மாத்துறது எல்லாம் ஆர்.டி.ஓ அனுமதி இல்லாம வேண்டாம். நாளைக்கு கிளெய்ம் வரும்போது அதுதான் முதல் கேள்வி.

வீட்டில் நீங்களே செய்யலாம்: ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் மாத்துறது, செயின் தொய்வு சரி பண்றது, பேட்டரி முனை சுத்தம், நட்டு போல்ட்டை டார்க் ரெஞ்ச் வச்சு சரியான அளவுக்கு இறுக்குறது.

மெக்கானிக்கை வச்சுச் செய்யுங்க: முன் சக்கர ஆக்சில், பிரேக், ஃபோர்க், ஸ்டியரிங் பேரிங். இதில் மிச்சம் பிடிக்கும் 500 ரூபாய் ரொம்பக் காஸ்ட்லி. எல்லாம் பூட்டி முதல் 100 கிலோமீட்டர் ஓடினதும் போல்ட்டுகளை மறுபடி ஒரு சுத்துப் பாருங்க.

மச்சானுக்கு என்ன பதில் சொல்றது?

மூணு கேள்வியை அப்படியே வாட்ஸ்அப்ல அனுப்புங்க. ஒண்ணு, இந்த மாடலுக்கு இந்தியச் சோதனைச் சான்று இருக்கா? ரெண்டு, படிவம் 22 யார் தருவாங்க? மூணு, எந்த இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி தரும்? மூணுக்கும் காகிதத்தில் பதில் வந்தா விலையைப் பேசுங்க. வரலைன்னா அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். அந்தப் பணத்துல ஒரு நல்ல ஸ்பேனர் செட்டும் பழைய வண்டிக்கு முன்பணமும் தாராளமா வந்துடும்.