நமக்கேற்ற மிதிவண்டி

மாணவர்களே! பள்ளிக்குச் செல்லவும் உடலை உறுதி செய்யவும் ஒரே மிதிவண்டி போதும். எது என்பதே வினா.

மலைப்பாதைக்குரிய வண்டியின் டயர் ஏறத்தாழ 50 மி.மீ. அகலமுடையது. தார்ச்சாலையில் அதை மிதிப்போர் விரைவில் களைப்பர். பந்தய வண்டியின் டயரோ 25 முதல் 28 மி.மீ.; விரைவு மிகுதி, குழிகளில் அதிர்வும் மிகுதி. இவற்றின் இடைப்பட்டதே ஹைப்ரிட் வண்டி. நிமிர்ந்து அமரலாம், புத்தகப்பைக்குத் தாங்கியும் பொருத்தலாம்.

கியர்கள் எத்தனை என்று கேட்போரே பலர். சமதளமான சண்டிகரில் ஏழு கியர் தாராளம். சிம்லாவின் ஏற்றங்களுக்கோ மேலும் தேவைப்படும்.

கியரினும் முதன்மையானது வண்டியின் உயரம். மேற்கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால், இடையே இரண்டு விரற்கடையேனும் இடைவெளி வேண்டும். இருக்கையில் அமர்ந்து, தாழ்ந்த மிதிகட்டையில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். மடங்கினால் இருக்கையை உயர்த்துக. தாழ்ந்த இருக்கை நாளடைவில் முழங்காலை வருத்தும். "வளரும் பிள்ளைதானே!" என்று பெற்றோர் பெரிய வண்டியைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அன்புதான்; ஆயினும் கால் எட்டாத வண்டியைத் திடீரென நிறுத்த இயலாது. ஏறிப் பார்த்தே வாங்குக.

பயிற்சி: டயரில் 700×38 என அச்சிடப்பட்டிருந்தால், 38 எதைக் குறிக்கும்? அவ்வண்டி எவ்வகையைச் சார்ந்தது?