எண்ணை எழுத்தாக்கும் லைப்ரரி: எந்த வடிவில் கொடுப்பது?

105 என்று கொடுத்தால் ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபைவ்’ என்று ஆங்கிலத்தில் எழுதித் தரும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதிவிட்டீர்கள். நூறு வரி தேறும். பில்லிலும் காசோலையிலும் அச்சாகப் போகிற தொகை அது. இதை மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

முதலில், கொடுத்துத்தான் ஆகவேண்டுமா என்று பாருங்கள். இதே வேலையைச் செய்யும் ‘நம்2வேர்ட்ஸ்’ என்ற லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறது. இந்திய ஆங்கிலம் வேண்டும் என்று சொன்னால் மில்லியனை விட்டுவிட்டு லேக், குரோர் என்றே எழுதும். ‘இன்ஃப்ளெக்ட்’ பன்மைச் சொற்களுக்காக எழுதப்பட்டது என்றாலும் எண்ணையும் எழுத்தாக்கும். நடுவில் வரும் ‘அண்ட்’ பிடிக்காவிட்டால் நீக்கிக்கொள்ளலாம். முன்னதற்கு எல்ஜிபிஎல் உரிமம், பின்னதற்கு எம்ஐடி. இரண்டில் ஒன்று ஒத்துவந்தால் உங்கள் நூறு வரியை மறந்துவிடலாம்.

ஒத்துவரவில்லையா? உங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு மென்பொருளுக்குத்தான் என்றால் கோப்பை அப்படியே நகலெடுத்துப் போடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது மென்பொருள் வந்ததும் இந்த வழி கசக்கும். ‘ஃபோர்ட்டி’யில் தேவையில்லாமல் ஒரு ‘யு’ போட்டு வைத்திருந்தேன். ஒரு நகலில் திருத்தினேன். இன்னொரு நகல் மாதக்கணக்கில் அந்த ‘யு’வோடே பில் அடித்துக்கொண்டிருந்தது.

பலருக்குப் பயன்படும் என்றால் பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐதான் இடம். சி மொழி எதுவும் கலக்காத சுத்தப் பைத்தான் என்பதால் ஒரே வீல் கோப்பு விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் போதும். மூலக் கோப்புத் தொகுப்பையும் சோதனைகளோடு சேர்த்து ஏற்றுங்கள். பேக்கேஜ் கட்ட செட்டப்டூல்ஸ் வரை போகவேண்டியதில்லை, ஃப்ளிட் போதும். விவரங்களை எல்லாம் பைப்ராஜெக்ட் கோப்பில் எழுதுங்கள். வேறு எந்த லைப்ரரியையும் சார்ந்திருக்கவேண்டாம். நூறு வரிக்குத் துணைக்கு ஆள் எதற்கு? ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒருமுறை ஏற்றிய கோப்பை அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற பைபிஐ விடாது.

இந்த வகை லைப்ரரியில் பலர் சறுக்கும் இடம் பதிப்பு எண். ‘ட்வென்டி’க்கும் ‘ஒன்’னுக்கும் நடுவே ஒரு சிறுகோடு சேர்ப்பது அழகு வேலையாகத் தோன்றும். ஆனால் அந்த வாசகம்தான் நீங்கள் விற்கிற சரக்கு. யாரோ ஒருவருடைய சோதனை அதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. இன்னொருவருடைய படிவத்தில் அந்த ஓர் எழுத்துக்கு இடமில்லை. அதனால் கோடு சேர்த்தாலும் எடுத்தாலும் முதல் எண்ணையே உயர்த்துங்கள். 1.4க்கு அடுத்தது 2.0, 1.5 அல்ல.

மூன்றாவது வழி டெபியன் பேக்கேஜ். இணையம் எட்டாத சர்வர்களுக்கு நல்லது. நிலையான வெளியீடு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும், அதுவரை உங்கள் பதிப்பு உறைந்துகிடக்கும். மற்ற மென்பொருளுக்கு இது தலைவலி. ஆங்கில எண்ணுப்பெயர்கள் இரண்டு ஆண்டில் மாறிவிடப் போவதில்லை என்பதால் இதற்கு வசதி. ஆனாலும் நீங்களே அதில் இறங்கவேண்டாம் என்பேன். பைபிஐயில் மூலம் ஒழுங்காக இருந்தால், தேவைப்படுகிறவர் அங்கிருந்து எடுத்துக் கட்டிக்கொள்வார்.

பைபிஐயில் முதலில் 0.1 என்று ஏற்றுங்கள். ‘அண்ட்’ இயல்பாகவே வருமா, கேட்டால்தான் வருமா, லேக்கா மில்லியனா என்பதையெல்லாம் 1.0 போடுமுன் தீர்த்துவிடுங்கள். பூஜ்யத்தில் இருக்கும்வரை எதை மாற்றினாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.