ஊரில் விழா இல்லாதவருக்கு டெமோக்கலை

சில வேளைகளில் சில ஆயிரம் பைட்டுகளுக்குள்ளேயே அடங்கிவிடும் ஒரு நிரல், தானே ஓவியனாகவும் வாத்தியக்காரனாகவும் மாறி, மலையையும் கடலையும் அவற்றுக்கு இசைந்த நாதத்தையும் நம் கண்ணெதிரிலேயே சிருஷ்டித்துக் காட்டினால், அதற்கு டெமோ என்று பெயர். 1980-களில் கணினி விளையாட்டுகளின் காப்புப் பூட்டை உடைத்த ஐரோப்பிய இளைஞர்கள், உடைத்தவர் இன்னார் என்று முகப்பில் மினுக்கிக் காட்டிய வழக்கத்தில் பிறந்து, பின்னர் பூட்டை மறந்து மினுக்கை மட்டும் கலையாக வளர்த்துக்கொண்ட இந்த இயக்கத்தை, 2020-இல் பின்லாந்து தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது.

இக்கலைக்கு உயிர்நாடி போட்டி விழா. பின்லாந்தில் 1992-இல் தொடங்கிய அசெம்பிளி, ஜெர்மனியின் சார்புருக்கன் நகரில் ஈஸ்டர் விடுமுறையில் கூடும் ரெவிஷன், ஆசியாவில் 2011-இல் தோன்றிய டோக்கியோ டெமோ ஃபெஸ்ட் ஆகியவற்றுக்கு எட்டாத தூரத்தில் வாழ்பவர் எதைப் பற்றிக்கொண்டு ஆரம்பிப்பது? விழா நமக்குத் தருவது கருவியன்று. முடித்தே தீரவேண்டிய ஒரு தேதியும், பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஒரு சபையுமே. ஆகையால் ஒவ்வொரு மார்க்கத்தையும் அந்த இரண்டையும் கொண்டே அளந்து பார்ப்போம்.

பிரயாணம். இருட்டிய மண்டபத்தில் பெருந்திரையின் முன் நூற்றுக்கணக்கானோர் ஆரவாரிக்கும் அனுபவத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் கையில் ஒரு படைப்பும் இல்லாதவர், பயணச்சீட்டுக்கும் விசாவுக்கும் பொருளைச் செலவிட்டு வெறும் பார்வையாளராகத் திரும்புவது உசிதமன்று. இது இரண்டாம் ஆண்டுக்கு உரிய காரியம்.

ஷேடர்டாய். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் யாது என்று கணிக்கும் சூத்திரத்தை உலாவியிலேயே எழுதிப் பார்க்கும் இத்தளத்தை 2013-இல் நிறுவிய இருவரில் ஒருவர் இனிகோ கீலெஸ். 4,096 பைட்டுகளில் ஒரு மலைத்தொடரையே எழுப்பிய ‘எலிவேட்டட்’ (2009) என்னும் படைப்பின் கர்த்தாக்களில் அவரும் ஒருவர். பிறர் எழுதிய சூத்திரத்தைத் திறந்து படிக்கலாம், மாற்றிப் பார்க்கலாம் என்பதால் ஆசானாக இதற்கு நிகரில்லை. சபையும் ஓரளவு உண்டு. தேதி மட்டும் இல்லை. ஆதலால் பாதியில் நின்ற முயற்சிகள் பெருகும்.

கமடோர் 64. 1982-இல் வந்த இவ்வீட்டுக் கணினிக்கு 64 கிலோபைட் நினைவகம், 16 நிறங்கள், மூன்றே குரல்கள். அதைப் போலவே நம் கணினியில் இயங்கிக் காட்டும் வைஸ் என்னும் இலவச எமுலேட்டர் இருக்க, பழைய பொறியைத் தேடி அலைய வேண்டுவதில்லை. எனினும் அசெம்பிளி மொழியைக் கற்று, செயலியின் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிச் செலவிடும் பொறுமை கைகூட மாதங்கள் பல ஆகும். பழமையில் உண்மையான மோகம் உடையவர்க்கே இது தகும்.

டிக்-80. இது கற்பனையாக வகுத்த ஒரு சிறு பொறி: 240-க்கு 136 புள்ளிகள், 16 நிறங்கள், லுவா போன்ற எளிய மொழிகள். இலவசமாகக் கிடைப்பது, ஒரே மாலையில் அசையும் சித்திரம் ஒன்று கைக்கு வந்துவிடும். 2021-இல் தொடங்கி இணையவழியே நடைபெறும் லவ்பைட் விழா, மிகச் சில பைட்டுகளில் அடங்கும் குறும்படைப்புகளுக்கென்றே ஏற்பட்டது. டிக்-80 படைப்புகளுக்கும் அங்கே இடமுண்டு. வீட்டிலிருந்தபடியே அனுப்பலாம், நேரலையில் காணலாம். தேதியும் சபையும் ஒருங்கே, செலவின்றிக் கிடைப்பது இங்கேதான்.

எனவே என் தீர்ப்பு இது: டிக்-80-இல் தொடங்குங்கள், சூத்திர ஞானத்துக்கு ஷேடர்டாயை நாடுங்கள், கமடோரையும் பிரயாணத்தையும் பின்னுக்கு வையுங்கள். முகூர்த்தம் குறித்த பிறகே பந்தற்கால் நடுவது நம் வழக்கம். அவ்வாறே, வெளியூரார் படைப்பையும் ஏற்கும் ஒரு விழாவின் கடைசித் தேதியை முதலில் சுவரில் எழுதிவைத்து, அதன் பின்னரே முதல் வரியை எழுதுங்கள்.